புகைக்குழாயின் மூடி

உங்கள் அலுவலகக் கணப்பு அடுப்பு இருமுகிறது, மரேஷால்லோ ஐயா. பயப்பட ஒன்றுமில்லை. பெல்லட் மூட்டையை வெறும் சிமெண்ட் தரையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஈரம் ஏறி, அழுத்திச் செய்த மரத்துண்டெல்லாம் தவிடாகிவிட்டது. ஒரு பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். இந்தப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவராவது என்னைக் கூப்பிட்டிருந்தால் அக்டோபரிலேயே சொல்லியிருப்பேன்.

எங்கள் மலைச்சரிவில் நாற்பது வீட்டு அடுப்புகளை நான்தான் பார்த்துவந்தேன். எவரும் என்னை நியமிக்கவில்லை. ஊரில் முதன்முதலாகப் பெல்லட் அடுப்பு வாங்கிய என் அண்ணன் ஜெலிந்தோ, கையேட்டைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டார். எடுத்துப் படித்தவள் நான். அப்புறம் ஊரே கூப்பிட்டது. சாம்பல் உறிஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டில் மண்டியிட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் அங்கே இருப்பதையே மறந்துவிடுவார்கள். எந்த வீட்டுக்காரர் சோபாவில் படுக்கிறார், எவள் விவாகரத்து நோட்டீஸை அடுப்பின் தீச்சட்டியில் போட்டு அதை அடைத்துக்கொண்டாள், எல்லாம் தெரியும். நானாக ஒன்றும் கேட்டதில்லை.

அண்ணன் போனபிறகு கீழ்வீட்டில் அண்ணி எர்ஸிலியா, மாடியில் நான். பதினோரு குளிர்காலம் தினமும் காலையில் இறங்கிப்போய், தீச்சட்டியைச் சுரண்டி, கண்ணாடியைத் துடைத்து, அவள் போடும் காப்பியைக் குடித்துவிட்டு வருவேன். எங்களுக்குள் இருந்த ஒரே சண்டை, சுவரிலிருந்த ஓட்டை. தீ மூச்சுவிட வெளிக்காற்று வேண்டும் என்று அடுப்போடு சேர்த்து அதையும் போடுவார்கள். எங்கள் ஜனங்களுக்கோ காற்று என்றால் குலைநடுக்கம். கழுத்தில் பட்டால் காய்ச்சல், முதுகில் பட்டால் படுக்கை. ஜூலை மாத ரயிலிலும் ஜன்னலை மூடச் சொல்கிறவர்கள். ஓட்டை போட்ட மறுநாளே எல்லா வீட்டிலும் அதில் ஒரு துணி இருக்கும். நான் பிடுங்குவேன், அவர்கள் அடைப்பார்கள்.

“உன் ஓட்டை என் கழுத்தைக் கொல்லுதுடி” என்பாள் எர்ஸிலியா, வீட்டுக்குள்ளேயே சால்வையைச் சுற்றிக்கொண்டு.

“துணியை வச்சா அடுப்பு உங்களையே கொன்னுடும் அண்ணி” என்பேன்.

போன நவம்பரில் ஒருநாள் ரொட்டிக்கடையில், ஆறேழு பேர் நிற்கும்போது, எர்ஸிலியா என்னிடம் கையை நீட்டினாள். “நோரீனா, என் வீட்டுச் சாவியைக் குடு. இனிமே தொல்மேட்ஸோ டவுன்லேர்ந்து தெனிஸ்னு ஒருத்தர் வந்து பாப்பார். படிச்சவர். உன் கையில சாம்பலவிட வம்புதான் ஜாஸ்தி ஒட்டியிருக்கு.”

ரொட்டிக்காரி வாண்டா கல்லாவைத் தட்டிச் சிரித்தாள். “பாத்து எர்ஸிலியா, சாவி போனா இவளுக்குச் சாப்பாடே எறங்காது.”

நானும் சிரித்தேன். சாவியைக் கொடுத்தேன். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

தெனிஸ் வந்தான். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு அடுப்பு பார்க்க வந்த ஆளை அன்றுதான் கண்டேன். இருபது நிமிடம் இருந்தான். கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, ஒரு காகிதத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். டிசம்பர் பாதியில் தீ சோம்பேறியாகிச் சிவந்தது, அடுப்பு மணிக்கொரு தரம் கீச்சிட்டது. மாடியிலிருந்தே எனக்கு நோய் தெரிந்தது. புகைக்குழாயின் அடியில் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்து உள்ளே இறங்கிய சாம்பலை எடுக்கவேண்டும். அப்படி ஒரு மூடி இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. நான் இறங்கிப் போகவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஜனவரியில் திருக்காட்சிப் பெருநாள் கழித்துத்தான் வரமுடியும் என்று தெனிஸ் சொல்லிவிட்டானாம். போன ஞாயிறு பூசை முடிந்ததும் எர்ஸிலியா படியேறி வந்தாள். “கொஞ்சம் எட்டிப் பாரேன். வெரலெல்லாம் வெறைச்சுப் போச்சு.”

போனேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே வார்த்தை: ‘சாவியை நீயே வச்சுக்கோ’. நான் அடுப்புக்குள் தலையை விட்டிருந்தபோது அவள் வாண்டாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். “ஆமா, இங்கதான் மண்டி போட்டுக்கிட்டிருக்கா. மெதுவாப் பேசு. தலை அடுப்புக்குள்ள இருந்தாலும் காது வெளியிலதான் இருக்கும்.” அப்புறம் சிரிப்பு.

நான் கையை நிறுத்தவில்லை. தீச்சட்டியின் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். புகைக்குழாயின் மூடியைக் கழற்றினேன். நினைத்தபடியே உள்ளே தொண்டைவரை சாம்பல். ஒரு பொடி விடாமல் உறிஞ்சினேன். பிறகு மூடியை இறுக்காமல் சாய்த்து வைத்தேன். அடுப்பு திணறினால் தானே அணையும்படி உள்ளே ஒரு காவல் இருக்கிறது, அதைத் தூங்கவைத்தேன். எப்படி என்று எழுதிக்கொள்ளவேண்டாம் ஐயா, இந்தச் சரிவில் அடுப்பு எத்தனையோ அத்தனை மாமியார்கள் இருக்கிறார்கள். கடைசியாக, அண்ணனின் கம்பளிக் காலுறை ஒன்றை நாலாக மடித்துச் சுவர் ஓட்டையில் செருகினேன். நானே.

எர்ஸிலியாவின் முகம் மலர்ந்துவிட்டது. “இப்பத்தான்டி உனக்குப் புத்தி வந்திருக்கு” என்று தோளைத் தட்டினாள். “ரொம்ப நன்றி நோரீனா.”

பதினோரு வருஷத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் நன்றி. காப்பியும் கொடுத்தாள். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன், சாவிப் பேச்சு வரட்டும் என்று. வரவில்லை. “சரி, பொலெந்தாக் களி கிண்டணும்” என்று எழுந்தாள். நானும் எழுந்தேன்.

சாப்பிட்டுவிட்டு அடுப்பு ஓரமாகச் சோபாவில் சாய்வது அவள் வழக்கம். அன்று நான் மாடியில் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துக்கொண்டேன். எனக்குக் காற்று ஒத்துக்கொள்ளும். கீழே அடுப்பின் விசிறி ஒரு கீச்சு இல்லாமல் ஓடியது. டி.வி. மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை ரொட்டி கொண்டுவந்த வாண்டாதான், சோபாவில் அசையாமல் கிடந்தவளை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தீயணைப்புக்காரர்கள் காலுறையையும் மூடியையும் பார்த்தார்கள், அடுப்பின் விஷவாயு அறைக்குள் ஏறிய விபத்து என்றார்கள். மதுக்கடையில் இப்போது ஒரே பாட்டு: “எர்ஸிலியா காத்துக்குப் பயந்து ஓட்டையை அடைச்சா, நோரீனா மூடியை இறுக்க மறந்தா. ரெண்டு கிழவியும் சேந்து பண்ணின கூத்து.” அடக்கத்தன்று நீங்களே என் கையைப் பிடித்துக்கொண்டு, “வயசானா மறதி வரத்தாம்மா செய்யும்” என்றீர்கள். அதனால்தான் வந்தேன். இல்லாவிட்டால் உங்களுக்குத் தொந்தரவு கொடுத்திருக்கமாட்டேன்.

நான் மறக்கவில்லை, ஐயா. மூடியை முதலில் இடப்பக்கம் சாய்த்தேன். போதாது என்று பட்டது, வலப்பக்கம் மாற்றினேன். என் அண்ணியை நான் கொன்றேன், ஒரு வேலையும் விடுபடாமல் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடக்கம் முடிந்ததிலிருந்து ஒரு வீட்டிலும் என்னைக் கூப்பிடவில்லை. நாலு பேர் தெனிஸுக்குப் போன் செய்துவிட்டார்கள். வாண்டாவின் அடுப்புகூட மூன்று நாளாக அணைந்து அணைந்து எரிகிறதாம். மறதிக்காரி கையில் எப்படிக் கொடுப்பது என்று தயங்குகிறாள், பாவம். நீங்கள் இந்த வாக்குமூலத்தில் முத்திரை போட்டுக் கொடுத்தால், வீட்டுக்குப் போகிற வழியில் அவளிடம் காட்டி, அந்த அடுப்பையும் பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.