நடுக்கப் பெட்டியில் வேப்பெண்ணெய் பூசிய விவகாரம்

1874ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கண்டிப் பொலிஸ் ஸ்தானத்தில் எழுத்தர் மயில்வாகனம் கேட்டு எழுதியது.

என் பெயர் ராக்கம்மா. வயது முப்பது என்று எழுத்தர் ஐயா என் முகத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டார், கூட இரண்டு இருந்தாலும் இருக்கும். கணவர் அழகமுத்து, கோப்பி காயப்போடும் களத்தில் வேலை. சொந்த ஊர் சிவகங்கைச் சீமை. இருப்பிடம் தெல்தோட்டைக்கு மேலே உள்ள கோப்பித் தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் மேல்லயம் என்று பெயர், ஆனால் இரண்டு வருடமாகப் படுப்பது துரை பங்களாவில், பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே. தொழில் ஆயா. நஞ்சு வைத்தேன் என்று என்மேல் பிராது. நான் நஞ்சு வைக்கவில்லை, வேப்பெண்ணெய்தான் வைத்தேன்.

நான் பார்க்கும் பிள்ளை எங்கள் துரையின் ஒரே மகன், வயது இரண்டு முடிந்து நாலு மாதம். அவனுக்கு இங்கிலீஸ் பெயர் ஒன்று உண்டு, நான் சாமி என்றுதான் கூப்பிடுவேன். அவன் பிறந்தபோது துரைசானி அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் இல்லாமல் போனது. அப்போது என் மகள் வேலாயிக்கு ஏழு மாதம். மார்பில் வேப்பெண்ணெய் தடவி அவளுக்குப் பால் மறக்கடித்துவிட்டு, சாமிக்குக் கொடுத்தேன். "நேரே விஷயத்துக்கு வாரும்" என்று எழுத்தர் ஐயா இந்த இடத்தில் சொன்னார். "இதுதாங்க விஷயம், எழுதுங்க" என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு, சென்ற தை மாதம் துரைசானி அம்மாவின் கன்னத்து நரம்பு வலிக்கென்று சீமையிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. அதற்குள் சக்கரமும் சுருட்டிய கம்பியும் இருக்கும், பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும், இரண்டு கயிறுகளின் நுனியில் இரண்டு பித்தளைக் குழல்கள் இருக்கும். குழல்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், சுற்றினால் பிடித்தவருக்குத் தோள்வரை வெட்டி இழுக்கும். உள்ளே மின்சாரம் இருக்கிறது என்று துரை சொன்னார். அது என்ன சாமான் என்று கேட்டதற்கு, "மின்னலுக்குத் தம்பி, ஆயா" என்றார். மின்னலுக்குத் தம்பியைக் கொண்டுவந்து, துரைசானி அம்மா உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில், முழங்கால் உயர மேசையில் வைத்தார். பிள்ளையின் உயரமும் அவ்வளவுதான்.

வந்த அன்றே துரை எங்களை வேடிக்கைக்காக நிறுத்தினார். சமையல்காரர் செல்லப்பா அண்ணன், குதிரைக்காரர், நான், மூவரும் கைகோத்து நின்றோம், ஓரத்தில் நின்ற இருவரும் ஆளுக்கொரு குழலைப் பிடித்துக்கொண்டார்கள். துரை சுற்றினார். மூவரும் ஒரே நேரத்தில் குதித்தோம், செல்லப்பா அண்ணன் தன் அப்பனையும் ஆத்தாளையும் கூப்பிட்டார். அதைப் பார்த்துப் பிள்ளை கைகொட்டிச் சிரித்தான். அன்று பிடித்தது சனியன். நாங்கள் அதற்கு நடுக்கப் பெட்டி என்று பெயர் வைத்தோம்.

அதன் பிறகு பிள்ளைக்கு வேறு விளையாட்டே இல்லை. அவன் எதையும் வாயில் வைத்துப் பார்த்துத்தான் இன்னதென்று தெரிந்துகொள்வான், துரை காலில் போடும் சப்பாத்தும் அதில் அடக்கம். நான் கண் அயர்ந்தால் குழல் அவன் வாயில் இருக்கும். பெட்டியைப் பூட்டினேன், சாவியைத் தேடி எடுத்துத் திறந்துவிட்டு, அதை ஜன்னல் வழியாக ஓடைக்குள் போட்டான். அலுமாரியின் மேல் ஏற்றினேன், இழுப்பறைகளைப் படியாக இழுத்துவிட்டு ஏறினான். துணியால் சுற்றி ஏழு முடிச்சுப் போட்டேன், உட்கார்ந்து ஏழையும் அவிழ்த்தான். உள்ளே பூச்சாண்டி இருக்கிறான் என்றேன், அன்றிலிருந்து பூச்சாண்டியைக் காட்டு என்று அழுதான். நான் மூன்று தடவை துரையிடம், "தொர, அத ஒசக்க வச்சுப் பூட்டுங்க, புள்ள வாயில வைக்கிறான்" என்று சொன்னேன். மூன்று தடவையும் அவர் தன் கையிலேயே சுற்றிக் காட்டி, "ஒண்ணும் பண்ணாது, ஆயா. நல்ல சாமான்" என்றார்.

அதன் பிறகு சித்திரை மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, நான் பிள்ளைக்குக் குளிக்க வெந்நீர் எடுக்கக் குசினிக்குப் போனேன். அந்த நேரம் செல்லப்பா அண்ணன் தேத்தண்ணிக் கோப்பை எடுக்க முன்னறைக்கு வந்திருக்கிறார். பிள்ளை ஒரு குழலை வாயிலும் ஒரு குழலைக் கையிலும் வைத்துக்கொண்டு, கைப்பிடியைக் கண்ணால் காட்டியிருக்கிறான். அவரும் சுற்றியிருக்கிறார். பிறகு கேட்டதற்கு, "நான் என்ன செய்ய, ராக்கம்மா? சின்ன எசமான் சொன்னாரு, சுத்துனேன்" என்றார். நான் திரும்பி வந்தபோது பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் தூக்கித் தட்டினேன், உதடு நீலமாக இருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தான், எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதன் பிறகு அழுதான். வெந்நீர்ச் சட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. செல்லப்பா அண்ணனைக் கரண்டியால் அடித்தேன், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

அன்று மாலை துரையிடம் நாலாம் தடவை சொன்னேன். அவர் பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, "நல்லா இருக்கான்" என்று சொல்லி மறுபடியும் தன் கையில் சுற்றிக் காட்டினார்.

மறுநாள் தெல்தோட்டைக் கடைவீதியில் முஹ்ஸின் நானா கடைக்குப் போய் ஒரு சின்னப் போத்தல் வேப்பெண்ணெய் வாங்கினேன். "புள்ளைக்கு வாங்குறீங்களா?" என்று கேட்டார். "ஆமா நானா, பால் மறக்கடிக்க" என்றேன். எந்தப் பால் என்று அவர் கேட்கவில்லை. அதன் பிறகு பங்களாவுக்கு வந்து, விரல் நுனியால் தொட்டு இரண்டு குழல்களிலும் கைப்பிடியிலும் பூசினேன். அன்று பகல் பிள்ளை வந்து ஒரு குழலை எடுத்து நக்கினான். முகம் சுருங்கியது. துப்பினான், என் சேலையில் நாக்கைத் துடைத்தான், என்னைப் பார்த்தான். வேலாயியும் ஏழு மாதத்தில் என்னை அப்படித்தான் பார்த்தாள். அதன் பிறகு அவன் பெட்டிப் பக்கம் போகவில்லை. எண்ணெய் காய்ந்துவிடும் என்பதால் காலையும் மாலையும் பூசிவந்தேன். துரைசானி அம்மாவுக்கு வைத்தியம் நடக்கும் வேளையில் துடைத்துக் கொடுத்துவிடுவேன். துரையிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நாலு தடவை சொன்ன வாய்க்கு ஐந்தாம் தடவை வரவில்லை.

அதன் பிறகு, இம்மாதம் 10ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் பகல் சாப்பாட்டுக்கு வந்தார். அவர் பெயர் பிராதில் இருக்கிறது, நாங்கள் செம்மீசைத் துரை என்போம். சாப்பிடும்போது தான் சுட்ட யானைகளைப் பற்றிப் பேசினார், பிறகு எலும்பைக் கடித்தார், பல்வலி வந்துவிட்டது. பல்வலிக்கும் இந்தப் பெட்டி நல்லது என்று எங்கள் துரை சொன்னார். நான் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன், துடைக்க ஆளில்லை. செம்மீசைத் துரை ஒரு குழலைப் பல்லின் மேலேயே வைத்துக் கடித்துக்கொண்டார், எங்கள் துரை சுற்றினார்.

நான் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அவர் மேசையை உதைத்துத் தள்ளிவிட்டு, "நஞ்சு! நஞ்சு!" என்று தமிழில் கத்தினார், எங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இருக்கும். பிறகு பூச்சாடியிலிருந்த தண்ணீரைப் பூவோடு குடித்தார். செல்லப்பா அண்ணன் நஞ்சை முறிக்க எட்டுப் பச்சை முட்டையை உடைத்துக் கொடுத்தார், எட்டையும் குடித்தார். அதன் பிறகு சோபாவில் படுத்துக்கொண்டு காகிதம் கேட்டு, துப்பாக்கி இன்னாருக்கு, குதிரை இன்னாருக்கு என்று எழுதினார், எங்கள் துரை சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரம் ஆனது, அவர் சாகவில்லை. விளக்கேற்றும் வேளையில் கோழிக்கறி கேட்டார். சாகாததுதான் அவருக்குக் கோபம் என்று நினைக்கிறேன், அதன் பிறகுதான் எங்களை வரிசையாக நிற்கவைத்து, யார் செய்தது என்று கேட்டார்.

நானே சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளை எழுந்து வந்து, குழலைக் காட்டி, "கசக்கும். ஆயா தடவுச்சு" என்றான். அவனுக்குத் தமிழ் மட்டுந்தான் வரும், நான் பழக்கியது. துரைசானி அம்மா அழுதார், எங்கள் துரை தரையைப் பார்த்தார். திங்கட்கிழமை என்னை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். பிள்ளை வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அவன் என் கையால்தான் சாப்பிடுவான். எனக்குத் தாங்கவில்லை, வழியெல்லாம் அழுதேன்.

என்னிடமிருந்து எடுத்த போத்தல் இந்த மேசையில் இருக்கிறது. மிச்சத்தில் ஒரு விரல் தொட்டு எழுத்தர் ஐயா முன்னால் நக்கினேன். அவரும் பார்க்கலாம்.

"உம்மை விட்டால் இனிமேல் இப்படிச் செய்வீரோ?" என்று எழுத்தர் ஐயா கேட்டார். செய்வேன். செம்மீசைத் துரை தேய்க்கச் சொன்னதால், நான் வண்டி ஏறும்போதே செல்லப்பா அண்ணன் அந்தக் குழல்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டார். பெட்டி அதே மேசையில் இருக்கிறது. இன்றோடு நாலு நாள். கசப்பு போய்விட்டது என்று பிள்ளை ஒருநாள் நக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வான், சுற்றச் சொன்னால் சுற்றுகிற ஆள் குசினியிலேயே இருக்கிறார். என்னை ஆறு மாதம் உள்ளே வைப்பதானாலும் வையுங்கள், நான் கேள்வி கேட்கவில்லை. போத்தலை மட்டும் இன்றைக்கே பங்களாவுக்கு அனுப்பிவிடுங்கள். காலையும் மாலையும் பூசச் சொல்லுங்கள், துரைசானி அம்மாவிடம் சொன்னால் பூசுவார்.

இதுவரை எழுதியதை எழுத்தர் ஐயா எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். "செய்ததற்கு மிகவும் வருந்துகிறேன்" என்று அவராகச் சேர்த்திருந்த வரியை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார். மீதி முழுவதும் நான் சொன்னது, நடந்தது.

ராக்கம்மா இட்ட கீறல்: X

எழுத்தர் குறிப்பு: வழக்கின் ஒரே தடயப் பொருளான போத்தலில் இருப்பதை நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பெண்ணெய். மேற்படி போத்தல் இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் பொலிஸ் குதிரை ஆள் மூலம் தெல்தோட்டைப் பங்களாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டதால், நாளை நீதவான் முன் காட்டத் தடயம் எதுவும் இல்லை.

மயில்வாகனம்