எந்த மியூட் நல்லது

இந்த நாற்காலியின் பின்கால் மூட்டில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் போதும், கிறீச்சிடுவது நின்றுவிடும். இந்தக் குளிரில் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகக் கிடக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுக்க வேண்டும். நேற்றே சொல்ல நினைத்தேன், இன்ஸ்பெக்டர் அம்மா. நீங்கள் அவ்வளவு மும்முரமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே நாற்காலிக் கதை பேசுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். சத்தம் எனக்குக் கொஞ்சம் ஆகாது. அவ்வளவுதான் என்னிடம் உள்ள கெட்ட பழக்கம்.

பழனி அடிவாரத்தில் பிறந்தவன் நான். எங்கள் அப்பாவுக்கு அங்கே பூசைச் சாமான் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு பக்கம் காவடி மேளம், ஒரு பக்கம் மொட்டை போட ஆள் பிடிக்கிறவர்களின் கூப்பாடு, தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. முருகனே சத்தம் தாங்காமல்தான் மலை உச்சிக்குப் போய்விட்டான் என்று சின்ன வயதில் நான் நினைத்ததுண்டு. அந்த இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து என் அக்கா தேவசேனா வயலின் பழகினாள். குடும்பத்தில் எல்லோருக்கும் அதில் பெருமை. எனக்கும் பெருமைதான், இன்னொரு சத்தம் கூடியது என்பதைத் தவிர.

பிறகு அவள் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வயலின் டீச்சராகப் போனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தைச் சேர்த்து வடகவுஞ்சி பக்கம் ஒரு பழைய கல் வீட்டை வாங்கினாள். கடையை நொடிக்கவிட்டு நான் சும்மா இருந்த நேரம். வந்து என்னோடு இரு என்று கூப்பிட்டாள். வீடு அவள் பெயரில் இருந்தது என்பதை நேற்று மூன்று தடவை சொன்னீர்கள். அது ஒரு தகவல், அம்மா. காரணம் ஆகாது.

அந்த வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. ‘நிசப்தம்’ என்று பெயர்ப்பலகை மாட்டினேன். பட்டணத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி. கீழே இருந்து கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்துக்கொண்டே மேலே வருவார்கள், வந்து இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆஹா, என்ன அமைதி’ என்பார்கள். சத்தம் போட்டே சொல்வார்கள். வீட்டில் போன் சிக்னல் கிடைக்காது என்பதைக் கூட ஒரு சிறப்பாகப் போட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு இன்னும் கூட்டமாக வந்தார்கள். கரும்பு தின்னக் கூலி கொடுத்த கதைதான். பிழைப்பு நன்றாகவே ஓடியது.

அப்போது அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து உயிரைக் கொடுத்தார்கள், குரலை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை பெரும்பாலும் பள்ளிக்கூட விடுதியிலேயே தங்கியிருந்தவள், வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டாள். அவளுக்கு என்று பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தேன். அவளுடைய வீட்டில் அவளுக்கே ஒரு அறை ஒழித்துக் கொடுப்பதாவது என்று நீங்கள் புருவத்தைத் தூக்குகிறீர்கள். முன்பக்க அறைகளில் இருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு தெரியும். விருந்தாளிகள் அதைப் பார்க்கத்தானே வருகிறார்கள்?

குரல் போனவள் சும்மா இருப்பாள் என்று நினைத்தது என் தப்பு. நம் ஊர் வயலின் பாட்டின் பின்னாலேயே போகப் பழகியது. பாடுகிறவர் எந்த எழுத்தை நீட்டுகிறாரோ அங்கே வில்லை நீட்டுவார்கள், எங்கே வெட்டுகிறாரோ அங்கே வெட்டுவார்கள். அக்கா இந்த வித்தையை வீட்டுச் சோலிக்கு இறக்கிவிட்டாள். வெந்நீர் வேண்டும் என்றால் வயலின் கேட்கும். சமையலுக்கும் பெருக்குவதற்கும் வரும் இருளாயியை வயலின் கூப்பிடும். என்னையும் கூப்பிடும். ஒரு நீட்டல், ஒரு வெட்டு, மறுபடி ஒரு நீட்டல். சண், மு, கா. சின்ன வயதில் அடிவாரத்துக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கூப்பிட்ட அதே இழுவை அப்படியே இருக்கும். கேட்டால் உங்களுக்கே அழுகை வந்திருக்கும். எனக்கு விருந்தாளிகளின் முகம்தான் ஞாபகம் வரும்.

ஆகவே மியூட் தேடினேன். பொதுவாக யாரும் இதை யோசித்து வாங்குவதில்லை, கையில் கிடைத்ததை மாட்டிக்கொள்கிறார்கள். விஷயம் எளிதுதான். வயலின் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரப் பலகைக்குக் குதிரை என்று பெயர். கம்பியின் அதிர்வு அந்தக் குதிரை வழியாகத்தான் வயலினின் வயிற்றுக்குள் இறங்கிச் சத்தமாகிறது. குதிரையின் தலையில் பாரத்தை ஏற்றினால் அது அசையாது, சத்தமும் அடங்கும். அந்தப் பாரத்துக்குப் பெயர்தான் மியூட். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது தானாக அடங்கும் என்பார்களே, அந்தக் கணக்கு.

முதலில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிப் பார்த்தேன். வயலினுக்கு ஜலதோஷம் பிடித்தது, அவ்வளவுதான். அடுத்து கறுப்பு ரப்பரில் பொத்தான் போல ஒன்று. அது கச்சேரி வாசிக்கிறவர்கள் வயலினின் நாதத்தை மெருகேற்றிக்கொள்வதற்காம். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, அதிலேயே தெரிந்துகொண்டேன் உதவாது என்று. மரத்தில் செய்தது பார்க்க அழகாக இருந்தது. அதைப் போட்டதும் வாசிப்பு இன்னும் இனிமையாகி, விருந்தாளிகள் இரண்டு பேர் பின்கட்டுக்கே வந்து நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் மதுரையில் வயலின் பழுது பார்க்கும் ஞானவேலிடம் போனேன். அவர் ஒரு கனத்த சாமானை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

“இது பித்தளைண்ணே, மேல பூச்சு குடுத்திருக்கு. குதிரை மேல இத ஏத்திட்டா பக்கத்து ரூம்ல படுத்திருக்கவனுக்குக்கூடக் கேக்காது. பழகுறவங்களுக்குன்னே செஞ்சது. ஆனா ஒண்ணு, பழகி முடிச்சதும் கழட்டிரணும். தானா கழண்டு விழுந்துச்சுன்னா மரத்துல பள்ளம் போட்டுரும், பாத்துக்கங்க.”

பார்த்துக்கொண்டேன். அக்காவும் முதலில் மறுக்கவில்லை. விருந்தாளிகள் இருக்கும்போது மாட்டிக்கொள்வாள், ஏதாவது வேண்டும் என்றால் சட்டென்று கழற்றிவிட்டு என்னைக் கூப்பிடுவாள். மாட்டுவதும் கழற்றுவதுமாக அந்தப் பித்தளை எத்தனை நாள் விழாமல் இருக்கும்? அருமையான வயலின், அவள் உயிரையே வைத்திருந்தாள். ஞானவேல் வேறு எச்சரித்திருக்கிறார். அதனால் அவள் குளிக்கப் போயிருந்தபோது மியூட்டின் உள்பக்கம் பசை தடவி உட்காரவைத்தேன். கல்லையும் இரும்பையும் ஒட்டுகிற பசை. இதைத்தான் நேற்று நீங்கள் மேஜை மேல் வைத்து, ‘இது என்ன?’ என்று கேட்டீர்கள். பாதுகாப்பு, அம்மா.

குளித்துவிட்டு வந்து கழற்றப் பார்த்தாள். இழுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவதற்குக் குரல் கிடையாது, திட்டுவதற்கு இருந்த இன்னொரு வழியில் கொசுச் சத்தம்தான் வந்தது. எனக்கு அன்றைக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையாகவே சொல்கிறேன். குதிரையை உடைத்தால்தான் மியூட் வரும். புதுக் குதிரை செதுக்கி மாட்ட, பொங்கல் கழித்து ஞானவேல் மேலே வருவதாக இருந்தது.

ஞானவேலுக்குத் தகவல் சொல்லிவிட்டது இருளாயி. அக்காவின் கைச் சாடை அவளுக்கு அத்துப்படி. அதோடு நின்றிருக்கலாம். ஒரு நாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“டீச்சரம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க மொதலாளி. பொங்கல் கழிஞ்சதும் இந்தக் கூடத்துல நம்ம ஊருப் புள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் குடுக்கப் போறாங்களாம். ஆள் தங்கவைக்கிற சோலியெல்லாம் போதுமாம். ஒங்களையும் கூடவே இருக்கச் சொல்றாங்க. என்ன இருந்தாலும் தம்பியில்லையா?”

வடகவுஞ்சிப் பிள்ளைகள் அத்தனை பேரும் கையில் ஆளுக்கொரு வயலினோடு என் கூடத்தில். மியூட் இல்லாமல். நான் அப்போது சிரித்தேன் என்று இருளாயி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சிரித்தேன்தான். வேறு என்ன செய்ய?

அந்த வாரம் ஸ்வேதா மேடம் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வந்தார். மௌன முகாம் நடத்துகிறவர். முகாம் பிடித்துப்போனால் வருடம் முழுக்க நம் வீட்டிலேயே நடத்துவதாகச் சொல்லியிருந்தார். மௌனத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் முடிக்க வெகு நேரம் ஆகும். “சண்முகராஜ் சார், எங்களுக்கு கம்ப்ளீட் சைலன்ஸ் வேணும். ஒரு சின்ன சவுண்ட் வந்தாலும் இன்னர் ஜர்னி கட் ஆயிடும்” என்றார். ஆகட்டும் மேடம் என்றேன்.

பின்கட்டு அறையின் சன்னல் இடுக்குகளை முகாம் நடந்த அன்றைக்குக் காலையில்தான் நுரைப் பட்டை வைத்து அடைத்து, மேலே டேப் ஒட்டினேன். குளிர் உள்ளே போகக் கூடாது, சத்தம் வெளியே வரக் கூடாது. கதவுக்கு உள்பக்கம் பழைய மெத்தையை அடித்ததும் அதற்காகவே. வெளிப்பக்கம் கொக்கி ஏற்கெனவே இருந்தது. விருந்தாளிகள் கழிவறை என்று நினைத்து உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்டது. வெளியே இருக்கும் கொக்கியை விருந்தாளி எடுத்துவிட்டு உள்ளே போக முடியுமே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இதுவரை யாரும் கேட்டதில்லை.

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டது. அக்காவுக்குக் கைவிரல் விறைத்தால் வாசிக்க வராது. அவளுக்காகக் கணப்புச் சட்டியில் கரி போட்டு, நன்றாகக் கனிய வைத்து, கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். இருளாயி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“கணப்பு வச்சா சன்னலத் தெறந்து வைக்கணும் மொதலாளி. போன வருசம் டூரிஸ்ட்டு பசங்க கூடாரத்துக்குள்ள கரியடுப்ப வச்சிட்டுப் படுத்து, விடிஞ்சு பாத்தா அப்படியே கெடந்தாங்கள்ல?”

“தெறக்கிறேன். நீ இன்னைக்கு வெள்ளனே கெளம்பு, பனி இன்னும் எறங்குது. வெரசாப் போ” என்றேன்.

அவள் போன பிறகு கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். அடுப்பங்கரையில் போய் முகாமுக்குக் காய்கறி சூப் வைத்தேன். மிளகு பெரும்பாறைத் தோட்டத்திலிருந்து வந்தது, நல்ல காரம். முன்கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இருமல் கூட இல்லை. சூப் ஆறும் வரைக்கும் நான் அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை என்றும், அக்கா என்னைக் கூப்பிடவே இல்லை என்றும் நேற்றுச் சொன்னேன். அது சரியில்லை. திருத்திக்கொள்ளுங்கள்.

சூப்பை இறக்கிவிட்டு, மியூட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் பின்கட்டுக்குப் போனேன். நடையில் நின்றால் ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்கு ஒரு அடி தள்ளி நின்றேன், அப்போதும் இல்லை. காதைப் பலகையில் ஒட்டி வைத்ததும் கேட்டது. ஒரு நீட்டல், ஒரு வெட்டு, ஒரு நீட்டல். கரிப்புகை முதலில் காலைத்தான் பிடிக்குமாம், எழுந்து நடக்க முடியாதாம், டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். கை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் போலிருக்கிறது. சுருதி கொஞ்சமும் விலகவில்லை. இவ்வளவு பாரத்தை ஏற்றிய பிறகும் சுருதி விலகாமல் வாசிக்க எத்தனை பேரால் முடியும்? எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

கொக்கி என் தோளுக்கு நேரே இருந்தது. எடுத்திருந்தால் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் வரும்.

பிறகு நீட்டல்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. சண், மு மட்டும் வந்தது. பிறகு சண் மட்டும். பிறகு வில் கம்பியில் இருப்பது தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. அதற்குள் முன்கூடத்தில் முகாம் முடிந்து மணி அடித்தார்கள். நான் உடனே போகவில்லை. ஸ்வேதா மேடம் அப்புறம் என்னிடம், வாழ்க்கையில் இப்படி ஒரு நிசப்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை சார் என்று கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தார்.

எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். சன்னலை அடைத்தது நான், கரியை வைத்தது நான், கொக்கியை மாட்டியது நான், மியூட்டை ஒட்டியது நான். எதையும் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் திருத்த வேண்டும். தேவசேனா டீச்சர் கூப்பிட ஆள் இல்லாமல் அநாதையாகச் செத்தாள் என்று வடகவுஞ்சியில் பேசிக்கொள்கிறார்கள், இருளாயியும் அப்படித்தான் சொல்லி அழுகிறாளாம். அது அபாண்டம். என் அக்காவை நான் தனியாக விடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, அவள் கூப்பிட்டு முடிக்கும் வரைக்கும் கூடவே நின்றேன்.