இறப்புக் காரணம் என்ற கட்டம்

வம்சாவளி எழுதும் மூன்று மென்பொருள்களையும் தலா ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் ஒன்றை வாங்கினேன். செருப்பு வாங்கினால்கூடக் கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்க்கிறவள் நான். வம்சாவளி செருப்பைவிட நீண்ட நாள் உழைக்க வேண்டிய பொருள்.

தேதிவாரியாகச் சொல்லச் சொன்னீர்கள். முடிந்தவரை அப்படியே சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒருவர் இறந்துபோனால் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் காரணத்தைப் படித்துப் பார்த்து, அது போதுமா போதாதா என்று சொல்வது என் மேசையின் வேலை. "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதி வரும் சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எல்லோருக்கும் கடைசியில் இதயம்தான் நிற்கிறது, ஏன் நின்றது என்று எழுதுங்கள் என்று சிவப்பு மையில் குறிப்பு வைப்பேன். "இந்தம்மாகிட்ட செத்தவனே நேர்ல வந்து சொன்னாலும் சான்று கேப்பாங்க" என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு என் தொலைபேசி அடிப்பது அபூர்வமாகிவிட்டது. திருமணம் செய்துகொள்ளாதவளைத் தேடி வர உறவுக்காரர்களுக்குக் காரணம் வேண்டும். தம்பி வாரம் ஒரு முறை பேசுவான், அதுவும் மழை பெய்ததா, மூட்டுவலி எப்படி என்ற அளவில். அப்போதுதான் வம்சாவளி எழுத ஆரம்பித்தேன். நாலு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துவிட்டேன். யாருக்கு யார் என்ன முறை, யார் எந்த வருடம் பிறந்தார், முதல் மனைவியின் பெயர் என்ன, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வந்தார்கள். "ஹெட் ஆபீஸ்ல கேளு" என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஒரே நாளில் ஏழு அழைப்புகள் வந்ததுண்டு.

முதல் மென்பொருள் இணையத்தில் இருப்பது. சொந்தக்காரர்கள் எல்லோரும் உள்ளே நுழைந்து எழுதலாம், திருத்தலாம். இரண்டாவதில் இலைகளும் பூக்களும் போட்ட மரப் படம். வளர்த்த நாயின் பெயரைக்கூடக் கேட்டது. மூன்றாவது பார்க்கச் சாம்பல் நிறத்தில் அழுது வடியும். ஆனால் அது என் கணினியில் மட்டுமே இருக்கும். நான் மட்டுமே மாற்ற முடியும். மற்றவர்களுக்கு மாதம் முதல் தேதியில் ஒரு பிரதி போகும், படிக்க மட்டும்.

மூன்றாவதை வாங்கினேன். என் மாமா மகனுக்கு அதில் வருத்தம். அவனை இன்ஜினியர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

"எல்லாரும் எழுதட்டுமே. நீங்க மட்டும் எதுக்குப் பூட்டு போட்டு வெச்சுக்கறீங்க?"

"எல்லாரும் எழுதினா யார் திருத்தறது?"

"மேடம் தீர்ப்பு சொல்லிட்டாங்க. இனிமே அப்பீல் ஏது."

நான் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. திறந்து விட்ட அந்த ஒரு மாதத்தில் சித்தப்பா ஒருவர் தன் வயதில் பத்தைக் குறைத்துக்கொண்டார். இன்னொரு வீட்டு மருமகள் தன் கணவரின் முதல் மனைவியையே காணாமல் ஆக்கிவிட்டாள். ஆனால் நான் தேர்ந்தெடுத்தது அதற்காக அல்ல.

அந்த மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள், என் மாமாவின் பக்கத்தில், இறப்புக் காரணம் என்ற கட்டத்தில் புதிதாக ஒரு வாக்கியம் இருந்தது. மாமிக்கு எழுபத்தெட்டு வயது, எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று. போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாமி பேசியிருந்தார். புள்ளி, கமா எதுவும் இல்லாமல் இப்படி இருந்தது: "ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல தாடை இறுகிப்போச்சாம் உடம்பு அனலா கொதிச்சுதாம் ஐஸ் கட்டி கேட்டு ஓடினாங்க வரதுக்குள்ள போயிட்டார் இவங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆச்சு."

இவங்க அக்கா என்பது என் அம்மா.

ஒரு மணி நேரத்துக்குள் அதை அழித்துவிட்டேன். அன்று சாயங்காலமே அந்த மென்பொருளின் கணக்கையும் மூடினேன்.

அம்மா இறந்தபோது எனக்குப் பதினேழு வயது. கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்காகப் போனவர், அது தொடங்கும் முன்பே போய்விட்டார். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவுக்கு மாரடைப்பு என்று அவனிடம் சொன்னார்கள், அப்படியே வளர்ந்தான். ஆறு வருடம் கழித்து மாமா, குடலிறக்கத்துக்காக. இன்ஜினியருக்கு அப்போது இரண்டு வயது. அதற்கும் இரண்டு வருடம் கழித்து என் தங்கை, குடல்வால் வலிக்காக. அவளுக்கு இருபத்தொன்று.

மாமி தன் வாக்கியத்தில் தங்கையைச் சேர்க்கவில்லை. எனக்காகத்தான் சேர்க்கவில்லை.

தங்கையைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் நடைபாதையில் ஒரு நீல பெஞ்சு இருந்தது. மாமி அதில் உட்கார்ந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா. உங்கம்மாவுக்கு இப்படி ஆச்சு, எங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஆச்சுன்னு சொல்லிடு. கேக்கறதும் கேக்காததும் அவர் இஷ்டம்." மாமி பல்லியைப் பார்த்தாலும் பயப்படுகிறவர். நான் படித்து வேலைக்குப் போகிறவள். மருத்துவர் அட்டையுடன் வந்து, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன். அப்பா ஊரில் இல்லை, மூத்தவள் நான்தான்.

மாமி அதை யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்தாறு வருடம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்பார்.

அது வெறும் தற்செயல் என்று நான் நினைத்திருந்ததாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கொஞ்ச காலம் நினைத்தேன். பிறகு ஒருநாள் அலுவலகத்தில் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. இளைஞர் ஒருவர், பல் மருத்துவம் சார்ந்த சிறிய அறுவை சிகிச்சை, தாடை இறுக்கம், கடும் காய்ச்சல், மரணம். எங்கள் மருத்துவ ஆலோசகர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். இது பரம்பரையாக வருவது, சிலவகை மயக்க மருந்து பட்டால் மட்டுமே தலைகாட்டும், முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து கொடுத்துவிடலாம், ஒன்றும் ஆகாது என்றார். நன்றி சொன்னேன். அன்று வீட்டுக்குப் போய் வழக்கம்போலத் துணி துவைத்துக் காயப்போட்டேன்.

ஆக, மூன்றாவது மென்பொருளில் மூன்று கட்டங்களை நிரப்பும்போது எனக்கு எல்லாம் தெரியும். அம்மாவுக்கு மாரடைப்பு. மாமாவுக்கு மாரடைப்பு. தங்கைக்குக் குடல்வால் வெடித்து விஷம் பரவியது. மூன்றும் சேர்ந்து நின்றால் யார் கண்ணிலும் படும். தனித்தனியாக நின்றால் ஒன்றுமில்லை. ஒருவர் கேட்க ஆரம்பித்தால், உங்கள் தங்கைக்கு யார் கையெழுத்துப் போட்டது என்பதில்தான் போய் முடியும். பிறகு யார் ஹெட் ஆபீஸில் கேட்பார்கள்?

முதல் பிரதி போன மறுநாள் மாமி அழைத்தார். மகன் படித்துக் காட்டியிருக்கிறான்.

"என்னம்மா, மாமாவுக்கு மாரடைப்புன்னு போட்டிருக்கியாமே?"

"சர்டிபிகேட்ல அப்படித்தான் மாமி இருக்கு."

"சர்டிபிகேட்டா அங்க உக்காந்திருந்துச்சு? நான்ல உக்காந்திருந்தேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உன் தங்கச்சி சமாச்சாரத்த நான் வாயத் திறந்ததில்ல. இனியும் திறக்க மாட்டேன். ஆனா சின்னஞ்சிறுசுங்க இருக்குங்க பாரு. உங்க மாமாவுக்கும் உங்கம்மாவுக்கும் மட்டுமாவது எழுதிப் போடு."

அடுத்த பிரதியில் சேர்க்கிறேன் என்றேன். அடுத்த பிரதியில் இறப்புக் காரணம் என்ற கட்டமே அச்சாகாதபடி மாற்றி வைத்தேன். அமைப்புகளில் ஒரு சின்ன டிக். இறந்தவர்களின் நோய் விவரங்களைப் பரப்புவது நாகரிகமில்லை என்று எல்லோருக்கும் ஒரு குறிப்பும் அனுப்பினேன். பாராட்டிப் பதினொரு பதில்கள் வந்தன.

தம்பி மகளை மைனா என்போம், வாய் ஓயாது. பள்ளிக்கூடமொன்றில் வாலிபால் சொல்லிக்கொடுத்தாள். குதித்து இறங்கும்போது முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. சின்ன அறுவை சிகிச்சை, இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். முந்தின வாரம் எனக்குப் போன் செய்தாள்.

"அத்தை, ஒரு பாரம் குடுத்திருக்காங்க. பரீட்சை பேப்பர் மாதிரி முப்பத்தெட்டு கேள்வி. பிட் அடிக்கத்தான் உங்களுக்குப் போன் பண்றேன்."

"கேளு."

"முப்பத்தொண்ணாவது. குடும்பத்துல யாருக்காச்சும் மயக்க மருந்தால பிரச்சனை வந்திருக்கா? அப்பாவக் கேட்டா எனக்கென்ன தெரியும், ஹெட் ஆபீஸக் கேளுங்கறார்."

"இரு, பாத்துச் சொல்றேன்."

கணினி திறக்க நேரமாயிற்று. அந்தப் பக்கம் அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். "என்ன அத்தை, அதுவும் ரிட்டயர் ஆயிடுச்சா?"

"இல்லம்மா, அப்படி யாருக்கும் இல்ல."

"நிச்சயமா? இந்தக் கேள்விக்கு மட்டும் நர்ஸ் ரெண்டு கோடு போட்டு வெச்சிருக்காங்க."

"நிச்சயமா."

"அத்தை சொல்லிட்டா சரிதான். டிக் போட்டுடறேன்." முப்பத்திரண்டாவது கேள்வி புகை பிடிப்பதைப் பற்றியது. சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

அவளிடம் எனக்குப் பிரியம் உண்டா என்று நேற்று கேட்டீர்கள். உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அவளுடைய பக்கத்தில்தான் அதிகப் படங்கள் இருக்கின்றன. இப்போதெல்லாம் மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது என்று எண்ணினேன். பரம்பரை என்றாலும் எல்லோருக்கும் வருவதில்லை, பாதிப் பேர் தப்பிவிடுவார்கள் என்று ஆலோசகர் சொன்னதும் நினைவில் இருந்தது. பாதி என்பது நல்ல வாய்ப்பு.

காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பத்தே காலுக்கு ஒரு செவிலியர் ஓடினார், பிறகு இன்னொருவர் ஓடினார். எதற்கு ஓடுகிறார்கள் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது. மாற்று மருந்து ஒன்று இருக்கிறது. அது வேறு மருத்துவமனையிலிருந்து வர வேண்டியிருந்தது. வருவதற்குள் மைனா போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்கு மயக்க மருத்துவர் வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர். "யாராவது ஒருத்தர் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மருந்து குடுத்திருப்போம் சார்" என்றார்.

தம்பி என்னைக் காட்டினான். "எங்க அக்காவுக்குத் தெரியாதது எங்க குடும்பத்துல எதுவும் இல்ல டாக்டர். அவங்களே இல்லன்னுட்டாங்க. யாருக்குமே தெரியாத ஒண்ணு இது."

நான் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் மாமி வந்தார். இன்ஜினியர் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். மாமி தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, முப்பத்தாறு வருடமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னார். நான் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. தம்பி உள்ளே வந்து வாசலில் நின்றான். அக்கா என்றுகூடக் கூப்பிடவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேடையில் வைத்துவிட்டுப் போனான். உங்களுக்குப் புகார் கொடுத்தது அவன்தான், சரியாகத்தான் கொடுத்திருக்கிறான்.

நீங்கள் எழுதிவைத்ததைப் படித்துப் பார்த்தேன். மூன்று பேரின் இறப்புக் காரணத்தையும் மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன். மாமி எழுதியதை அழித்தது நான். வேறு யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த மென்பொருளை வாங்கினேன். மைனாவுக்கு என்ன ஆகக்கூடும் என்று தெரிந்துதான் டிக் போடச் சொன்னேன். இதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு திருத்தம். "பொய் சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அந்தப் பிள்ளையிடம் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. அவள் கேட்டபோது கோப்பைத் திறந்து, மூன்று கட்டங்களையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, அதில் இருந்ததைத்தான் சொன்னேன்.