குச்சியை வாங்கியவர்

இரவு ஒன்றரை மணி. ஒரு பக்கம் கிடங்குகளின் நீண்ட சுவர், மறுபக்கம் ரயில் பாதை. தெருவில் நாய்கூட இல்லை. முதுகில் பெரிய வாத்தியப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஒருவன் முன்னால் போகிறான். அவனுக்குத் தெரியாமல் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பின்னால் போகிறார்கள்...

இருங்கள். முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள். 'புது ஊருக்கு வந்திருக்கோம், உள்ளூர்க்காரன் போற பாட்டு பார் ஒண்ணைத் தேடிப் பிடிக்கலாம்' என்று சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறீர்களே, உங்கள் மூன்று பேருக்கும்தான் சொல்கிறேன். கரன்ட் வரும்வரை கேளுங்கள். அப்புறமும் ஆசை இருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். நான் வரமாட்டேன்.

நம் ஆபீஸ் அக்கவுண்டன்ட் இந்தப் பயணத்துக்கு வராததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னீர்கள். கஞ்சன், பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று. இது அவனுடைய அக்காவுக்கும் அத்தானுக்கும் நடந்தது. போன வருஷம். அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

அத்தானுக்குக் காது கேட்கும் கருவி விற்கிற வேலை. ஊர் ஊராகச் சுற்றுவார். எந்த ஊருக்குப் போனாலும் ராத்திரி பாட்டு பார் தேடிக் கிளம்பிவிடுவார். ஓட்டல்காரன் சொல்கிற இடம் ஆகாது, வாசலில் விளக்கு எரிகிற இடமும் ஆகாது. "அதெல்லாம் நம்மள மாதிரி வெளியூர்க்காரனுக்குக் கடை விரிச்சது" என்பார். அவருக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். பெரிய பார்களின் பின்வாசலில் போய் நிற்பார். கச்சேரி முடிந்து வாத்தியக்காரர்கள் பெட்டியோடு வெளியே வருவார்கள் இல்லையா, அவர்களில் வீட்டுக்குப் போகாதவனைப் பின்தொடர்வார். கூலிக்கு வாசித்து முடித்தவன் தன் ஆசைக்கு வாசிக்கப் போகிற இடம்தான் அசல் என்பது அவர் கணக்கு.

காலேஜில் டிரம்ஸ் வாசித்தவர். குழந்தை பிறந்ததும் அக்காதான் அந்த டிரம்ஸை விற்க வைத்தாள். அந்தக் குற்ற உணர்ச்சி அவளுக்கு இருந்தது. அதனால்தான் அந்தப் பயணத்தில் அவளும் கூடப் போனாள், குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு. அவர் வாசிப்பில் ஒரு கோளாறு உண்டு. மூன்று அடி சரியாக விழும். நாலாவது அடி கொஞ்சம் தாமதமாக விழும். தட், தட், தட்... தட். "உங்க நாலாவது அடி பஸ்ஸைத் தவற விட்டுட்டு ஓடி வருது" என்று அக்கா கேலி செய்வாளாம்.

அந்த ராத்திரி இவர்களுக்கு முன்னால் போன பெட்டிக்காரன் ஒரு கிடங்கின் பக்கவாட்டில் திரும்பி, கீழே இறங்கும் படிகளில் நின்றான். திரும்பிப் பார்த்தான். கோபப்படவில்லை.

"வாசிப்பீங்களா?" என்று அத்தானைக் கேட்டான்.

"ஏதோ கொஞ்சம்."

"இங்க ஒரே ஒரு பழக்கம்தான். பாட்டு நிக்கக் கூடாது. எந்திரிக்கணும்னா குச்சிய இன்னொருத்தர் கையில குடுத்துட்டு எந்திரிக்கணும்."

அத்தான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாத்தியா? இதுதாண்டி அசல்!"

கீழே ஒரு நிலவறை. ஈரத் துணி வாடை. துரு வாடை. நாலைந்து மேசைகள், அவற்றைச் சுற்றி ஆட்கள். யாரும் பேசவில்லை, யாரும் குடிக்கவில்லை. டம்ளர்கள் நிறைந்திருந்தன. ஒரு டம்ளரை அக்கா உற்றுப் பார்த்தாள்... மேலே தூசி படிந்திருந்தது. மேடையில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதை அவளே ஒத்துக்கொள்கிறாள். ஆனால் அது எங்கே ஆரம்பித்தது, எங்கே முடியும் என்று பிடிபடவில்லை.

டிரம்ஸ் வாசித்தவன் இளைஞன். பழைய படத்தில் வருகிற மாதிரி நீளக் காலர் சட்டை, அடியில் அகலமான பேன்ட். அத்தானைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. தாளம் தவறாமல் ஒரு குச்சியை நீட்டினான். அத்தான் வாங்கினார். அடுத்ததையும் வாங்கினார். அந்த இளைஞன் எழுந்து தன் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தான். அழுதான்.

"வீட்டுக்குப் போறேன்" என்று அக்காவிடம் சொன்னான். "அவ என்னை விட்டுட்டுப் போனா. பரவாயில்ல, வீடு எனக்குத் தெரியும்."

படியேறிப் போய்விட்டான்.

அத்தானைப் பார்க்க அக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் பார்த்ததில்லையாம். தட், தட், தட்... தட். தலையை ஆட்டிக்கொண்டு வாசித்தார். கொஞ்ச நேரத்தில் வியர்த்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. குச்சியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"போதுங்க, வாங்க போலாம்" என்றாள்.

"நிறுத்த முடியலடி" என்றார். "கை நிக்க மாட்டேங்குது."

அக்கா சுற்றிலும் பார்த்தாள். மேசைகளில் இருந்த எல்லோரும் இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் இரண்டு அடிகளுக்கு நடுவே ஒரு குச்சியை அவள் பக்கம் நீட்டினார். "ஒரு நிமிஷம் வாங்கிக்கோ. ஒரே நிமிஷம். நான் எப்படியாவது திரும்ப வாங்கிக்கிறேன்."

அவள் கையை நீட்டிவிட்டாள். அதை மறக்காதீர்கள், நீட்டிவிட்டாள். விரல் நுனி குச்சியில் பட்டதாம். ஐஸ் மாதிரி குளிர்ந்ததாம். அந்த நேரம் பார்த்துப் பையில் போன் அடித்தது. அவளுடைய அம்மா. குழந்தை தூங்காமல் வீறிட்டு அழுகிறது, இவள் குரலைக் கேட்டால்தான் அடங்குமாம். போனுக்குள் அந்த அழுகை.

அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"புள்ள அங்க இருக்குங்க" என்றாள். படியேறினாள். பின்னால் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதலில் கெஞ்சினார். அப்புறம் திட்டினார். கடைசியில் சத்தமே இல்லை, தாளம் மட்டும்தான்.

விடிந்ததும் போலீஸோடு போனாள். அதே படிகள்தான். கீழே கதவில் துருப்பிடித்த பூட்டு. உடைத்துத் திறந்தால் முழங்கால் அளவு தண்ணீர், வேறொன்றும் இல்லை. 'சண்டை போட்டுட்டு எங்கயாவது போயிருப்பார்' என்று சொல்லி அவளை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள் வேறொரு விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தனியா இருந்த பாட்டிம்மா சார். காலைல பாத்தா செத்துக் கிடக்கு. கதவு உள்ளேருந்து தொறந்து விட்டிருக்கு. முகத்தைப் பாக்க முடியல."

"திருடனா?"

"ஒரு பொருள்கூடப் போகல. விடியிற வரைக்கும் யாரோ மேசையில தாளம் தட்டுன சத்தம் கேட்டுதாம். செத்துப்போன பாட்டிம்மா புருஷன் டிரம்ஸ் வாசிக்கிறவராம் சார், கல்யாணமான புதுசுலயே காணாமப் போயிட்டார். ரெண்டு பேரும் ஒண்ணாப் பாட்டு கேக்கப் போயிருக்காங்க. பாட்டிம்மா மட்டும் திரும்பி வந்துச்சாம்."

அக்கா ஊர் திரும்பினாள். அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு அத்தான் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தாள். பேச்சில்லை. தூரத்தில் பாட்டு. தட், தட், தட்... தட். மறுநாளும் அதே. அந்த நம்பர் உபயோகத்திலேயே இல்லை என்று போன் கம்பெனிக்காரன் சத்தியம் செய்கிறான். இருந்தாலும் தினமும் வந்தது. ஆரம்பத்தில் அவர் உயிரோடு இருக்கிறார் என்ற நம்பிக்கையில் எடுத்தாளாம். அழுவாளாம், மன்னிப்புக் கேட்பாளாம். போகப் போக அது மாறிவிட்டது. நாலாவது அடி தாமதமாக விழுகிறதா என்று மட்டும் கேட்பாள். விழுந்தால் குச்சி அவர் கையில்தான் இருக்கிறது. அன்றைக்குத் தூங்கலாம்.

பாவம், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கையை நீட்டியிருக்கவே மாட்டேன்.

நாம் இங்கே கிளம்புவதற்கு முந்தின ராத்திரி போன் வந்திருக்கிறது. அதே பாட்டு. தட், தட், தட், தட். நாலும் சரியான நேரத்தில் விழுந்தன.

கை மாறிவிட்டது.

நம் அக்கவுண்டன்ட் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். பூட்டை மாற்றினானாம், மேலே கீழே தாழ்ப்பாள் போட்டானாம். சாப்பிட்டு முடித்ததும் நான் வராந்தாவுக்குப் போய்ப் பேசினேனே, அது அவன்தான். வீட்டிலிருந்து என்று நினைத்து நீங்கள் கிண்டல் செய்தீர்கள்.

"அக்கா புள்ளையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உள்ரூம்ல இருக்கா" என்றான். "யாரோ கதவைத் தட்டுறாங்கடா. பக்கத்து வீட்டுக்காரராத்தான் இருக்கும். நீ லைன்லயே இரு, பாத்துட்டு வரேன்."

அதோடு லைன் போய்விட்டது. அப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன், எடுக்கவில்லை. அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியாமல்தான் உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லைன் போவதற்கு முன்னால் அந்தத் தட்டுகிற சத்தம் எனக்கும் கேட்டது. மரக்கதவில், மெதுவாக, மரியாதையாக மூன்று தட்டு. நின்றுவிட்டது என்று நினைத்தேன்...

நாலாவது கொஞ்சம் தாமதமாக விழுந்தது.