முத்திரை வைத்த பொட்டலம்

கொச்சி காக்கநாட்டில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே விற்கிற பழம்பொரி நன்றாகவே இருக்கும், மேடம். நேந்திரம்பழத்தைப் பொரிக்கிற எண்ணெய்தான் கொஞ்சம் அதிகம். என்னோடு வேலை பார்க்கும் அனீட்டாவுக்கு அது உயிர். அவள் விரலில் அந்த எண்ணெய் இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் இன்று என்னை உட்கார வைத்து விசாரிக்க வேண்டியிருந்திருக்காது. அவளைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். செய்தது நான். எப்படிச் செய்ய முடிந்தது என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

'துணை' என்று ஒரு நீட்சி செய்தோம். இணைய உலாவியில் ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரல். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் அதன் வழியாக ஆலோசகர்களிடம் பேசலாம். யாராவது அறைக்குள் வந்தால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். திரையில் கோட்டயம் மீன்கறி செய்முறை வந்து நிற்கும். நிரல் எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் எழுதியதை இயந்திரம் தானாக எடுத்து, பொட்டலமாகக் கட்டி, நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தை முத்திரையாகப் போட்டு அனுப்பும். அந்த இயந்திரம் என் பொறுப்பு. கையெழுத்து சரியாக இருந்தால் உலாவி மறு கேள்வி கேட்காது. பொட்டலம் எல்லாப் பெண்களின் கணினிக்கும் தானே போய்ச் சேரும்.

கையெழுத்துக்கு இருவர் வேண்டும் என்பது முதலாளி தரியன் சாரின் விதி. கட்டைவிரல் அளவில் இரண்டு சாவிக் குச்சிகள். இயந்திரத்தில் செருகி, அவை மினுங்கும்போது உரியவர் தொட வேண்டும். ஒன்று எனக்கு, ஒன்று அனீட்டாவுக்கு. தொடக்க நாளில் குத்துவிளக்கு ஏற்றி, சாவிகளை வெள்ளித் தட்டில் வைத்து, சார் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். பேச்சு முடிவதற்குள் பாயசத்தில் ஆடை கட்டிவிட்டது.

அனீட்டா தன் சாவியைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். கொஞ்ச நாள் மாட்டினாள். பிறகு இயந்திரத்திலேயே செருகி விட்டுவிட்டாள்.

"சேட்டா, கையெல்லாம் எண்ணெய். எனக்கும் சேத்து நீங்களே தொட்டுடுங்க."

"அப்போ விதி?"

"விதிக்கும் ஒரு பழம்பொரி வாங்கிக் குடுத்துடலாம்."

அப்புறம் சொல்வதையும் விட்டுவிட்டாள். என் சாவியும் அங்கேயே தங்கிவிட்டது. டீக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் இரண்டையும் தொட்டுவிட்டுப் போனார்கள். சார் மட்டும் விருந்தாளிகளிடம் 'இரு கைகள், ஒரே மனசாட்சி' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவி ஷிஜி கோட்டயத்துக்காரி. மீன்கறிக்கு அவளுக்குச் செய்முறை தேவையில்லை. ஆனால் நான் அறைக்குள் வரும்போதெல்லாம் அவள் திரையில் மீன்கறி கொதித்தது. அந்தச் சட்டியின் படத்தைத் தேர்ந்தெடுத்துப் பொட்டலத்தில் வைத்தவன் நான். வீட்டில் வேலையைப் பற்றி நான் பேசுவதில்லை, 'துணை' எங்களுடையது என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றும் கேட்காமல், அவள் குளிக்கப் போனபோது அவளுடைய நீட்சியின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஆலோசகரிடம் அவள் சொன்னதையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். அவளுக்குத் தோல் சீக்கிரம் கன்றும். அதை எழுதியிருக்க மாட்டாள்.

பிறகு ஒருநாள் கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் கட்டிய பொட்டலமே என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போயிற்று. யார் யாருக்குத் துரோகம் செய்தது, மேடம்?

பொட்டலம் கட்டுகிற கட்டத்தில் நாலு வரி சேர்த்தேன். பக்கத்துக் காப்பகத்தைக் காட்டுவதற்காக, இருக்கும் இடத்தை அறியும் அனுமதி 'துணை'க்கு ஏற்கெனவே இருந்தது. அது அறிந்ததை எனக்கும் சொல்லச் சொன்னேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் நான் கைவைக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த தணிக்கைக்காரர் அதை வரிவரியாகப் படித்து, சுத்தம் என்று சான்று கொடுத்தார். கட்டி முடித்த பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. முத்திரைதான் இருக்கிறதே. இரண்டு சாவியையும் நான் தொட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

எல்லாப் பெண்களும் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று வந்து விழுந்தது. காப்பகம், தோழி வீடு, லாட்ஜ். மற்றவர்களை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. இந்தக் கண்ணியத்தை எந்தப் பத்திரிகையும் எழுதாது.

நான் குறித்து வைத்திருந்த எண் திருச்சூரைக் காட்டியது. ஷிஜி அங்கே ஒரு மாடி அறையில் இருந்தாள். கதவைத் திறந்தவள் நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"இந்த எடம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வேலை அப்படி. வா, போகலாம்."

"ஸ்ரீயேட்டா, நீங்க போயிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டாளாம், ஏதோ நான் செய்துவிட்டதுபோல. என்னை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். மேல் படியில் தோளைப் பிடித்தேன். "விடுங்க" என்றாள். விட்டேன். தள்ளித்தான் விட்டேன், அதை நான் மறுக்கவில்லை.

கீழே கிடந்தவளை ஏன் தூக்கவில்லை என்கிறீர்கள். என்னைக் கூப்பிடுவாள் என்று நின்றிருந்தேன். அவள் கூப்பிட்டது கீழ்வீட்டு அம்மாளை. பிறகுதான் மயங்கினாள்.

தரியன் சார் தொலைக்காட்சியில் என்னை விஷப்பாம்பு என்றாராம். சொல்லட்டும். அந்தச் சாவிகள் எந்த அறையில் இருக்கின்றன என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஷிஜி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று நீங்கள் சொல்லப் போவதில்லை. வேண்டாம். கண் விழித்ததும், பயப்பட வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். ஜாமீன் கிடைத்ததும் நான் வந்துவிடுவேன்.