கண் வைக்காத ஓவியம்

சிதம்பரம் ரயில் நிலையத்தில் கடலூர் வண்டிக்குக் காத்திருந்தேன். எதிர்ச் சுவரில் நாற்று நடும் பெண்ணைப் பெரிதாக வரைந்திருந்தார்கள். முகத்தில் கண்கள் மட்டும் இல்லை.

பக்கத்தில் ஒருத்தி தன் தம்பியிடம் சொன்னாள்: "ஒங்க மாமா எப்பவும் கண்ணக் கடைசியாதாண்டா வைப்பாரு."

"அதுக்குள்ள சாரம் சரிஞ்சு போய்ச் சேந்துட்டாரேக்கா. நாளைக்கி வேற ஆளு வந்து வைக்கிறானாம், காண்ட்ராக்டர் சொன்னாரு."

"கீழ அவரு பேரு போடுவாங்களா?"

"கண்ணு வைக்கிறவன் பேரத்தான் போடுவாங்களாம். செத்தவரு பேரு இங்க இருந்தா ஜனங்க பயப்படுவாங்களாம்."

பயமாவது, மண்ணாவது. அதே சுவர் முன்னால் ஒருவன் இளித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தான்.

வண்டி வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"நீ போடா. எவன் வந்து கண்ணு வைக்கிறான்னு நான் பாக்குறேன்."