வால்வுச் சாவி

— என்ஜின் ஆறிட்டுதோ எண்டு போனில கேக்கிறான் தம்பி. கையை வைச்சுப் பாருங்கோ.

— ஆறாமல் என்ன செய்யும்? காலமை தொடக்கம் முத்தத்தில கிடக்குது. இருபத்தேழு உதை உதைச்சும் எடுக்காத மோட்டச்சைக்கிள் எப்பிடியடி சுடும்? என்ர முழங்கால்தான் சுடுது. அதைச் சொல்லு உன்ர தம்பிக்கு.

— முழங்காலுக்கு அவனிட்டை மருந்து இல்லை. வால்வுக்குத்தான் சொல்லுவான். என்ஜின் தலையில இருக்கிற ரெண்டு வட்ட மூடியையும் கழட்டட்டாம்.

— போனைக் கொண்டா றஞ்சிதம், நானே கதைக்கிறன்.

— உந்த எண்ணெய்க் கையாலையோ? பிள்ளை அன்ரோனெற் தன்ர முதல் சம்பளத்தில வாங்கித் தந்தது. ஒரு விரல் படவிடமாட்டன். நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ.

— அப்ப எனக்கும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கரில பெலத்துப் போடன்.

— போட்டால் இரையுது. கழட்டுங்கோ, மெக்கானிக் ஐயா. நாலு மணிக்குப் பிள்ளை டியூட்டி முடிச்சு முருங்கன் சந்தியில வந்து நிப்பாள். பெரிய வியாழனெண்டு பின்னேர பஸ்சும் இல்லையாம்.

— தெரியும், தெரியும்.

— தெரிஞ்சால் நாலு வளவு தள்ளி இருக்கிற கராசுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். பத்து நிமிச வேலை. சிங்கராசா...

— அந்தப் பேரை இந்த வளவுக்க எடுக்காதை எண்டு சொன்னனான்.

— சரி, எடுக்கேல்லை. மூடி?

— கழட்டியாச்சு.

— பொறுங்கோ... போன கிழமையும் இதைத் திறந்தனீங்களோ எண்டு கேக்கிறான்.

— அதை ஆர் அவனுக்குச் சொன்னது?

— நான்தான். டிக் டிக் எண்டு சத்தம் வருகுது, நிப்பாட்டிக் காட்டுறன் பார் எண்டு மார்தட்டினீங்கள் எல்லோ.

— நிப்பாட்டினன்தானே! பேசாலை முழுக்க ஓடித் திரிஞ்சன். ஒரு சத்தம் இல்லை. பூனை மாதிரிப் போச்சுது.

— அதுதான் பிழையாம். மெல்லிசா ஒரு சத்தம் இருக்கத்தான் வேணுமாம். சூடேற வால்வு நீளுமாம். நீள இடம் விடாமல் இறுக்கினால் வடிவாப் பூட்டுப்படாதாம். அந்த நீக்கலால நெருப்பு வந்து வந்து வால்வையே எரிச்சுப்போடுமாம். எவ்வளவு இடைவெளி விட்டனீங்களாம்?

— ஒரு கடதாசிக் கனம்.

— என்ன கடதாசி?

— கடதாசிதானடி. மெல்லிசுக் கடதாசி.

— எங்கட வீட்டில மெல்லிசுக் கடதாசி ஏது? பிள்ளையின்ர கொப்பி தடிப்பு. கலண்டர் அதைவிடத் தடிப்பு... என்ர ஆண்டவரே! என்ர செபப் புத்தகமோ?

— கத்தாதை. அயல் கேக்கப்போகுது.

— அதுதானோ ஞாயிற்றுக்கிழமை அட்டையில கறுப்பு விரல் அடையாளம்? நான் மரியாயின் சேனைக் கூட்டத்தில அதை விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தனானே! எந்தப் பக்கத்தைக் கிழிச்சனீங்கள்?

— ஏதோ ஒரு பக்கம்.

— எந்தப் பக்கம் எண்டு கேட்டனான்.

— பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னம் வாசிக்கிறது. ஆத்தும சோதனை. என்னடி சிரிப்பு?

— நான் சிரிக்கேல்லை. போனுக்கதான் சிரிப்புக் கேக்குது.

— மச்சான்காரனுக்குச் சிரிப்பு! சரி, சிரிச்சு முடிச்சிட்டு மிச்சத்தைச் சொல்லட்டும்.

— இந்தாங்கோ, இதைப் பிடியுங்கோ. இதுக்குப் பேர் பீலர் கேஜாம். விசிறி மாதிரி விரியும். சைவர் தசம் சைவர் அஞ்சு எண்டு எழுதின தகட்டை எடுக்கட்டாம்.

— இது எங்காலை வந்தது?

— தம்பி காலமை பஸ்ஸில குடுத்துவிட்டவன். கேள்வியைக் குறைச்சு வேலையைப் பாருங்கோ. என்ஜின் பக்கத்து மூடியையும் கழட்டி, உள்ள இருக்கிற நட்டில ஸ்பானரைக் குடுத்து இடப்பக்கமாச் சுத்தட்டாம். சுத்தேக்க மேல வால்வைப் பாத்துக்கொண்டு இருக்கவேணுமாம். காபரேற்றர்ப் பக்கத்து வால்வு கீழ அமுங்கி, திரும்ப மேல வந்தாப்பிறகு, சக்கரத்தில வாற கோட்டிலதான் நிப்பாட்டவேணுமாம்.

— அமுங்குது... வருகுது... வந்திட்டுது. கோடு நேரா நிக்குது.

— இப்ப ரெண்டு வால்வுக்கும் மேல, அதை அமத்திற இரும்புக் கையைப் பிடிச்சு ஆட்டிப் பாக்கட்டாம். ஒரு பொட்டு ஆடவேணுமாம்.

— ஆடேல்லை.

— மற்றது?

— அதுவும் அப்பிடித்தான். கல்லு மாதிரிக் கிடக்குது.

— அவ்வளவுக்கு முறுக்கியிருக்கிறீங்கள். பரவாயில்லையாம், ஒரு கிழமைதானே, ஒண்டும் எரிஞ்சிருக்காதாம். பயப்பிடவேண்டாமாம். நட்டை இளக்கட்டாம்.

— இளக்கியாச்சு. இனி நடுவில நிக்கிற ஆணியைக் குறட்டாலை பிடிச்சுத் திருப்பிறன்.

— நில்லுங்கோ, நில்லுங்கோ! குறடு படக்கூடாதாம். சதுரத் தலை உருண்டு போகுமாம், பிறகு ஒண்டும் செய்ய ஏலாதாம். வால்வுச் சாவியாலதான் திருப்பவேணுமாம். சின்னவிரல் அளவில, சதுர ஓட்டை வைச்ச சாவி.

— அது என்னட்டை இல்லையெண்டு சொல்லு.

— இருக்காம்.

— என்ன?

— ஜப்பானில இருந்து வரேக்கயே சாமான் பையோட வாற சாவியாம். உங்களிட்டை இருக்குமாம். அது சரியப்பா, அது களவுபோன சாவி எல்லோ? அதுக்குத்தானே போன வரியம் கோயில் முத்தத்தில அந்தச் சண்டை?

— குறட்டாலையே பிடிப்பம்.

— வேண்டாமாம்.

— அந்தப் பழந்துணியை எடு.

— கதையை மாத்தாதேங்கோ. போன கிழமை எதால திருப்பினீங்கள்? குறட்டாலை திருப்பியிருந்தால் தலை உருண்டிருக்கும். நானும் குனிஞ்சு நிண்டு பாக்கிறன்தானே. புதுசு மாதிரி நிக்குது. என்னப்பா, ஏன் முகம் இப்பிடிக் கறுக்குது?

— என்ர சாறத்து மடியுக்க ஒரு துணிப்பொட்டலம் கிடக்கு. என்ர கை எண்ணெய். நீ எடு.

— இதுவோ? இதுக்குள்ள என்ன... மாதாவே. இது அந்தச் சாவியோ?

— அதுதான்.

— எங்க கிடந்தது?

— மோட்டச்சைக்கிள் பக்கப் பெட்டியுக்க. சாமான் பையுக்க. எப்பவும் இருக்கிற இடத்தில.

— எப்ப கண்டனீங்கள்?

— உயிர்ப்பு ஞாயிறு முடிஞ்சு மூண்டாம் ஞாயிறு. நடந்து பூசைக்குப் போட்டு வந்தம் எல்லோ. வந்து செயின் இறுக்குவம் எண்டு பெட்டியைத் திறந்தன். இருந்துது.

— போன வரியத்து உயிர்ப்பு ஞாயிறோ? ஒரு வரியமோ?

— சண்டைக்கு முன்னம் மூண்டு தரம் தேடினனான் றஞ்சிதம். பையைக் கொட்டித் தேடினனான். அப்ப இல்லை. பிறகு பாத்தால் இருக்குது.

— உங்களுக்குச் சோத்துக்கு முன்னால இருக்கிற உப்புச் சிரட்டையே தெரியிறேல்லை. தேடினாராம்!

— ஓம். என்ர கண்ணிலதான் பிழை.

— கண்ணோட நிண்டிருந்தால் பரவாயில்லை. வாயும் எல்லோ திறந்தது. அண்டைக்கு என்ன சொன்னனீங்கள் எண்டு நினைவிருக்கோ?

— ஒவ்வொரு நாளும் நினைக்கிறன். பெரிய வெள்ளி, ஆண்டவற்றை சுரூபத்தைச் சிலுவையால இறக்கி ஆசந்திப் பாடையில கிடத்தி, தூக்கப்போற நேரம். அவன்ர அப்பன் தூக்கின முன்பக்கத்தை இவன் தூக்க வந்து நிண்டவன். வெள்ளை வேட்டி. அப்பிடியே விரதம் இருந்து வத்தின உடம்பு. கள்ளக் கையாலை ஆண்டவரைத் தொடாதையடா எண்டன்.

— சனம் முழுக்க நிண்டுது.

— நிண்டுது. அவன் ஒரு சொல் திருப்பிச் சொல்லேல்லை. நான் எடுக்கேல்லை அண்ணை எண்டு மெல்லமாச் சொல்லிப்போட்டுக் கையைப் பின்னால கட்டிக்கொண்டு போனான். பின்னுக்கு நிண்ட ஒரு விசரன், எந்தக் கள்ளனடா, ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில தொங்கின நல்ல கள்ளனோ எண்டு கேட்டான். அவ்வளவுதான். அதோட பேர் ஒட்டிப்போச்சு.

— இப்ப ஆர் சிங்கராசா கராஜ் எண்டு சொல்லுறது? வண்டியை நல்ல கள்ளனிட்டை விட்டிருக்கிறன், நல்ல கள்ளன் நாளைக்குத் தருவான். போன மாசம் கூட்டத்துக்கு வந்த அவன்ர மனுசியும் வாய் தவறி அப்பிடிச் சொல்லிப்போட்டு அழுதவள்.

— எனக்கு அதைச் சொல்லாதை.

— கேளுங்கோ. கேக்கத்தான் வேணும்.

— சுவாமியாரிட்டைச் சொல்லிப்போட்டன் றஞ்சிதம். பேரை எடுத்தனீர், எடுத்த இடத்திலையே திருப்பிக் குடும் எண்டவர். ஆறு தரம் கராஜ் வாசல்மட்டும் போனனான். உள்ளுக்க அவன் குனிஞ்சு வேலை செய்யிறது தெரியும். கால் அங்கால போகாது. பக்கத்துக் கடையில ஒரு சவர்க்காரம் வாங்கிக்கொண்டு வந்திடுவன்.

— அதுதானோ வீட்டில இவ்வளவு சவர்க்காரம்?

— ஓம்.

— நான் நினைச்சன் எனக்கு நாத்தம் எண்டு குத்திக்காட்டுறீங்களெண்டு!

— சிரிப்பு வரேல்லை எனக்கு. அந்தப் பக்கத்தைக் கிழிச்சதும் மெல்லிசுத் தாளெண்டு மட்டுமில்லை. புத்தகத்தை விரிச்சால் அதுதான் வருகுது. பிறர் பேரைக் கெடுத்தேனா எண்டு ஒரு வரி. எண்ணெயிலயாவது ஊறிக் கிழியட்டும் எண்டு வைச்சன்... உன்ர தம்பி இதெல்லாம் கேட்டிருப்பானே. என்ன சொல்லுறான்?

— ஒண்டும் சொல்லுறார் இல்லை.

— சொல்லுறார் இல்லையோ?

— ம்... லைன் இருக்குது. மூச்சுக் கேக்குது.

— நீ தூக்கி வளத்த தம்பி. அவன் எண்டல்லாமல் ஒரு சொல் சொல்லமாட்டாய். எப்ப தொடக்கம் அவனுக்கு மரியாதை? ஆரடி லைனில, றஞ்சிதம்?

— கோவிக்காதேங்கோப்பா. தம்பி அமிர்தத்துக்கு உழவு ரக்டர் தெரியும். மோட்டச்சைக்கிள் வால்வைக் கண்டானோ அவன்? காலமை நான்தான் கராசுக்குப் போனனான். அண்ணை இஞ்ச வரமாட்டார், நீங்கள் போனைப் பிடியுங்கோ, நான் ஒவ்வொண்டாச் சொல்லித்தாறன், என்ர பேரை மட்டும் சொல்லாதேங்கோ, பாவம், வெக்கப்படுவார் எண்டவர். அந்தத் தகடும் அவர் தந்ததுதான்.

— பெலத்துப் போடு.

— முதல் கொஞ்சம் தண்ணி குடியுங்கோ.

— போடு எண்டுறன்.

— சரி, போட்டாச்சு. கதையுங்கோ.

— சிங்கராசா.

— ஓம் அண்ணை.

— எல்லாம் கேட்டியோ?

— கேட்டன். அண்ணை, முதல் வேலையை முடிப்பம். பிள்ளை முருங்கனில வெயிலுக்க நிப்பாள். அந்தச் சாவியை ஆணியில மாட்டுங்கோ. தகட்டை இடைக்குள்ள விடுங்கோ. மெல்லத் திருப்பி, தகட்டை இழுத்துப் பாருங்கோ. லேசாப் பிடிச்சுக்கொண்டு வரவேணும்.

— ரெண்டு கையும் சாவியோட போச்சு. தகட்டை ஆர் பிடிக்கிறது?

— அவசரமில்லை. அக்கா, நீங்கள் தகட்டைப் பிடியுங்கோ. அண்ணை சாவியை மட்டும் பாக்கட்டும்.

— வருகுது... லேசாப் பிடிக்குது.

— அதுதான் அளவு. இப்ப சாவியை அசையவிடாமல் பிடிச்சுக்கொண்டு நட்டை இறுக்குங்கோ. விட்டால் ஆணியும் சேந்து சுத்திப்போடும். இறுக்கினாப்பிறகு திரும்ப ஒருக்கால் இழுத்துப் பாருங்கோ.

— பிடிக்குது. மற்ற வால்வும் அப்பிடியேயோ?

— அப்பிடியேதான்... முடிஞ்சுதோ? மூடிகளைப் போட்டிட்டு உதையுங்கோ.

— மாதாவே, ஒரே உதை!

— சத்தம் கேக்குதோ அண்ணை? மெல்லிசா ஒரு டிக் டிக்?

— கேக்குது சிங்கராசா.

— அது இருக்கட்டும். அதுதான் சுகம். இனி நிப்பாட்டிப்போட்டு, பிள்ளையைக் கூட்டிவர வெளிக்கிடுங்கோ.

— போனை வைச்சிடாதை! இரு. சிங்கராசா, ஒரு வரியமா உன்ர கராஜ் வாசலில சொல்லமுடியாததை எண்ணெய்க் கையோட இதில நிண்டு சொல்லுறன். என்னை மன்னிச்சுக்கொள்ளடா தம்பி. நாளைக்குப் பெரிய வெள்ளி. ஆசந்தி தூக்க வா. முன்பக்கம் உன்ர இடம். நான் அதே முத்தத்தில, அதே சனத்துக்கு முன்னால நிண்டு, இவன்ர கை சுத்தமெண்டு சொல்லுறன்.

— வேண்டாம் அண்ணை. நான் வரமாட்டன்.

— இன்னும் கோவமோ?

— கோவமோ? உங்களோட எனக்குக் கோவம் வர ஏலாது. ஒரு நாளும் வந்ததில்லை.

— பின்னை என்ன? இவர் சொல்லுவார் சிங்கராசா. சொல்லாட்டி நான் விடமாட்டன். பயப்பிடாமல் வாங்கோ.

— அதுக்குத்தான் பயம் அக்கா. ஆண்டவற்றை முத்தத்தில அண்ணை எனக்காகப் பொய் சொல்லக்கூடாது.

— என்னடா பொய்?

— அந்தக் கிழமை என்ர சாவி முறிஞ்சு போச்சு அண்ணை. உங்கட வண்டி கராசில நிண்டது. ரெண்டு நாளில வைச்சிடுவம் எண்டு கேக்காமல் எடுத்தனான். நீங்கள் அவ்வளவு சனத்துக்கு முன்னால கேக்க, எடுக்கேல்லை எண்டுதான் வாயில வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் எல்லாரும் பூசைக்குப் போன நேரம் பாத்து, வேலியால வந்து, அதைத் திருப்பி உங்கட பையுக்க வைச்சது நான்தான்.